கேளுங்க சொல்றோம்: செங்குத்துப் பனிக்கு குட்டை ஸ்கீ

கேள்வி: எங்க அக்கா பையன் பிரான்ஸ்ல படிக்கிறான். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான், சுவர் மாதிரி நிக்கிற பனில ஒருத்தர் ஸ்கீயோட (கால்ல மாட்டிக்கற சறுக்குப் பலகை) நிக்கிறார். அந்த ஸ்கீய நிமித்தி வெச்சா அவரு மூக்குக்குதான் வருமாம். மத்தவங்களோடதெல்லாம் தலைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கு. சரிவு ஜாஸ்தியா இருந்தா நீளமா இருக்கறதுதானே சார் பாதுகாப்பு?
– மன்னார்குடி வாசகர்

பதில்: நீளம் வேகத்துக்குங்க, குட்டை திரும்புறதுக்கு. அகலமான மலைல புதுப்பனி மேல பறக்கணும்னா 180, 190 சென்டிமீட்டர் வேணும், அது மிதக்கும், வேகத்துல ஆடாது. ஆனா 50 டிகிரி சரிவுல அப்படி பறக்கற வேலையே கிடையாது, ஒரு திருப்பம், நிப்பு, மூச்சு, அடுத்த திருப்பம், இப்படித்தான் பெரும்பாலும் இறங்குவாங்க.

50 டிகிரின்னா எவ்ளோன்னு பிடிபடணும்னா களத்துல தூத்திக் குவிச்ச நெல்லு அம்பாரத்த பாருங்க, அது சுமார் 35 டிகிரில நிக்கும், அதுக்கு மேல கொட்டினா சரிஞ்சு ஓடிடும். ஸ்கீ ரிசார்ட்ல கஷ்டமான பாதைன்னு போர்டு வெச்சிருக்கறதுல செங்குத்தான இடங்க சிலது அந்த சாய்வுக்கு வரும். 50ல நின்னுக்கிட்டு மேல்பக்கத்துக் கைய இடுப்பு உயரத்துல நீட்டினாலே பனி தட்டும். அங்க கெட்டிப்பனில விழுந்தா, மொட்டை மாடிலேருந்து விழுற பொருள் எப்படி வேகம் எடுக்குமோ அதுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு வேகமா உடம்பு கீழ போகும், பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இருக்காது.

அதனால அங்க சாதாரணமா வளைஞ்சு திரும்ப முடியாது, வளையற நேரத்துக்குள்ள ஸ்கீயோட மூக்கு (முன் நுனி) கீழ பாத்துடும், வேகம் கையை விட்டுப் போயிடும். சரிவுக்கு குறுக்க நிப்பாங்க, கைல இருக்கற கம்ப கீழ்ப்பக்கம் ஊனுவாங்க, ஒரு குதி, ரெண்டு ஸ்கீயும் காத்துலயே சுத்தி மூக்கு அந்தப்பக்கம் போயிடணும், எறங்கறப்போ எட்ஜ் (ஸ்கீயோட ஓரத்து இரும்பு விளிம்பு) பனில கடிக்கணும். இந்த சுத்துலதான் நீளம் வம்பு பண்ணும். எடையும் நீளத்தோட சேந்து குறையும்னு வெச்சுக்கிட்டா சுத்தறதுக்கான தடை நீளத்தோட மூணாவது அடுக்குல போகும், அதாவது 185ஐ விட்டு 160க்கு வந்தா தடை சுமார் மூணுல ரெண்டு பங்குதான். கால் களைச்சுப் போன நேரத்துல அந்த வித்தியாசம்தான் காப்பாத்தும். இன்னொண்ணு, சுத்தும்போது ஸ்கீயோட வால் மேல்பக்கத்துப் பனில இடிச்சா ஆளையே வெளிய தள்ளிடும், குட்டை வாலுக்கு அந்த பயம் கம்மி. ரெண்டு பாறைக்கு நடுவுல 2 மீட்டர் இடுக்குன்னா 185 ஸ்கீய குறுக்க வெச்சாலே மூக்குக்கும் வாலுக்கும் பக்கத்துல ஒரு ஜாண் இடம்கூட மிஞ்சாது, அப்புறம் எங்க திரும்பறது.

ஆனா குட்டையா இருந்தா மட்டும் போதாது. நடுவுல அகலம் 85லேருந்து 100 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது, ரொம்ப அகலமா இருந்தா ஐஸ்ல எட்ஜ் போடறப்போ கணுக்கால முறுக்கும். பக்கவாட்டு வளைவும் ஜாஸ்தி கூடாது, கெட்டிப்பனில ஸ்கீ வளைஞ்சு கொடுக்கலன்னா மூக்கும் வாலும் மட்டும் தொட்டுக்கிட்டு நம்ம எடை இருக்கற நடுப்பகுதி அந்தரத்துல நிக்கும். குட்டைல நஷ்டமும் உண்டு, ஆழமான பனில முங்கும், எட்ஜ் நீளம் குறையும், கீழ வந்து அகலமான இடத்துல வேகம் எடுத்தா ஆடும். எல்லாத்துக்கும் ஒரே ஸ்கீ வெச்சிருக்கறவங்க 170 பக்கம் சமரசம் பண்ணிக்கறது அதனாலதான்.

கேள்வி: தை மாசம் குல்மார்க் போறோம். 99 சென்டிமீட்டர்ல குட்டி ஸ்கீ செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வருது. குட்டைனா கத்துக்க ஈஸின்னு சொல்றாங்க, வாங்கலாமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: வேண்டாம்மா. மேல சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, இது 90களோட கடைசில ஸ்னோபிளேடுன்னு பிரபலமான ஜாதி. திரும்ப ஈஸிதான், பொய் இல்ல. ஆனா பழசு பலதுல பைண்டிங் (பூட்ஸ ஸ்கீயோட பிடிச்சு வெக்கற கிளிப்) கழண்டு விடாது. சாதாரண ஸ்கீல விழுந்தா பைண்டிங் பூட்ஸ விட்டுடும், இதுல ஸ்கீ பனில மாட்டிக்கிட்டா முறுக்கு முழுக்க பூட்ஸுக்கு மேல இருக்கற கீழ்க்கால் எலும்புக்குப் போகும். செங்குத்துல இறங்கறவங்க சிலர் வேணும்னே பைண்டிங்க லாக் பண்ணுவாங்க, நடுவுல ஸ்கீ கழண்டா உயிரே போயிடும்ங்கறதுக்காக, அது அவங்க கணக்கு, நமக்கு எதுக்கு. குல்மார்க்ல வாடகைக்கே கிடைக்கும், கழண்டு விடற பைண்டிங்கோட எடுங்க, உங்க எடைய உள்ளபடி சொல்லுங்க (வெக்கப்பட்டு 10 கிலோ குறைச்சு சொன்னா பைண்டிங் செட்டிங் தப்பாயிடும்). அஃபர்வட் மலைப் பக்கம் கோண்டோலால (ரோப் கார்) 3,900 மீட்டருக்கு மேல கொண்டு விடுவாங்க, போய் வேடிக்கை பாருங்க, பாதைய விட்டு வெளிய மட்டும் கைடு இல்லாம போகாதீங்க. பனிச்சரிவு பெரும்பாலும் 30லேருந்து 45 டிகிரி சரிவுலதான் உடையும், ட்ரான்ஸீவர் (புதைஞ்சவங்கள கண்டுபிடிக்கற ரேடியோ கருவி), ப்ரோப் (பனிய குத்திப் பாக்கற நீளக் கம்பி), மண்வெட்டி மூணும் இருந்தாலும் உபயோகிக்கத் தெரியாம பிரயோஜனமில்ல.

கேள்வி: செங்குத்துப் பனில இந்த மாதிரி ஸ்கீயோட இறங்க முதல்ல ஆரம்பிச்சது யாரு?
– திருவையாறு வாசகர்

பதில்: முதல் ஆள்னு ஒருத்தர காட்டறது கஷ்டம், ஆனா உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சவரு சுவிஸ்காரர் சில்வாங் சோடான்ங்கறவர்தான். 1967ல பிரான்ஸ் ஆல்ப்ஸ்ல ஷமோனி ஊர் பக்கம் ஸ்பென்சர் கூலுவார்னு ஒரு இடுக்க இறங்கினாரு, சாய்வு 50 டிகிரிய ஒட்டி. அப்ப ஸ்கீயெல்லாம் பொதுவா 2 மீட்டர் பக்கம், குட்டை வசதியெல்லாம் இல்ல, குதிகால்ல எடைய வெச்சு கார் வைப்பர் மாதிரி மூக்க அங்கயும் இங்கயும் திருப்பற அவரோட டெக்னிக் அப்படித்தான் பேர் வாங்குச்சு. 1977ல நம்ம லடாக் பக்கத்து நுன் சிகரத்துலேருந்து இறங்கினாரு, 1982ல காரகோரம் மலைல காஷர்ப்ரம் 1 சிகரத்துலேருந்து. அப்புறம் 2018ல போலந்துக்காரர் ஆண்ட்ஜெய் பார்கியல், உலகத்துலயே ரெண்டாவது உயரமான கே2 உச்சிலேருந்து ஸ்கீலயே இறங்கினது வேற லெவல்.

கேள்வி: தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டே ப்ராக்டிஸ் பண்ண வழி இருக்கா? மேடுன்னு சொல்ல வல்லம்தான் இருக்கு!
– தஞ்சாவூர் கல்லூரி மாணவர்

பதில்: வல்லத்துல பனி பெய்யற வரைக்கும் தொடைக்கு வேலை குடுங்க தம்பி, ஒத்தக்கால் ஸ்குவாட், பக்கவாட்டுக் குதி, இன்லைன் ஸ்கேட் இருந்தா அதுவும். மத்தத கத்துக்க குல்மார்க்ல இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்கீயிங் அண்ட் மவுண்டனீரிங்ல கோர்ஸ் இருக்கு, உத்தரகாண்ட்ல ஆலியும் நல்ல இடம். சீசன் நம்ம சம்பா அறுப்பு நேரத்துலயே வரும், வீட்ல முதல்ல பர்மிஷன் வாங்கிடுங்க.