தடிமனோடு பாடலாமா?

கேள்வி: நான்கு நாளாகத் தடிமன். மூக்கடைப்பு, குரலும் கம்மிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை. பாடினால் சளி இளகும் என்கிறார்கள், உண்மையா டொக்டர்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மூக்கடைப்புக்கு ஹம்மிங் நல்லது, கம்மிய தொண்டைக்குப் பாட்டே ஆகாது.

வாயை மூடி 'ம்ம்ம்' என்னும்போது சைனஸ் அறைகளில் தேங்கிய காற்று அசைந்து மூக்குக்கு வருகிறது. 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், சும்மா மூச்சு விடுவதைவிட ஹம்மிங்கின்போது மூக்கால் வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு (சைனஸில் உண்டாகும் ஒரு வாயு) ஏறத்தாழ 15 மடங்கு. இதனால் தடிமன் குணமாகிவிடாது, மூக்கு கொஞ்சம் லேசாகலாம். நிமிர்ந்து உட்காருங்கள். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்ட வேண்டாம். தாழ்ந்த சுருதியில் 5 முதல் 10 விநாடி, ஐந்து தடவை. மூக்கோரம் குறுகுறுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். இரு துவாரமும் அடைத்திருந்தால் சத்தமே வராது: மூக்கைப் பொத்திக்கொண்டு செய்து பாருங்கள், புரியும். முதலில் மூக்கைச் சீந்திவிட்டுத் தொடங்குங்கள்.

குரல் கம்மியிருப்பது குரல்நாண்கள் வீங்கியதால். அவை ஒட்டி மூடாதபோது அழுத்திப் பாடினால் வீக்கம் கூடும். கிசுகிசுப்பதும் ஓய்வல்ல, பலருக்கு அதுவே தொண்டையை இறுக்கும். மெதுவாக, தேவைக்கு மட்டும் பேசுங்கள். மூன்று வாரத்திலும் குரல் திரும்பாவிட்டால் தொண்டை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

பஜனைக்கு இந்த வெள்ளி போகாதீர்கள். பாடும்போது பேசுவதைவிட அதிகமாக நுண்துளிகள் பறக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே பாட்டுப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா என்று கணக்கிட்டார்கள்.

கேள்வி: இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் வருகிறதே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: தீர்க்காது. மனம் ஆறும், வலியிலிருந்து கவனம் திரும்பும். அதற்குப் பிடித்த பாட்டே போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. விறகடுப்புப் புகையால் நுரையீரல் கெட்டுவிட்டதாம், பம்ப் பாவிக்கிறார். நாலடி நடந்தால் இளைப்பு. பாட்டுப் பயிற்சி உதவுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஓரளவு உதவலாம். இந்த நோயில் சிக்கலே உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராததுதான். பாட்டு, மூச்சை மெல்ல நீட்டி விடப் பழக்கும்.

கதிரை நுனியில் உட்காரவைத்து, பாதங்கள் தரையில் படட்டும். மூக்கால் இரண்டு எண்ணிக்கைக்கு இழுத்து, நான்கு எண்ணிக்கைக்குப் பாட வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டே போதும், ஒரு வரியை இரண்டாக முறித்துக்கொள்ளுங்கள். பழகியபின் ஆறு எண்ணிக்கை. நாளுக்கு 10 நிமிடம்.

பெரும்பாலானோர் தோளைத் தூக்கி முழு மூச்சு இழுப்பார்கள். ஏற்கெனவே காற்றுத் தங்கிய நெஞ்சில் மேலும் காற்று ஏறி இளைப்பு வரும். கடைசித் துளி மூச்சுவரை பாடினாலோ இருமல் பிடிக்கும். தலை சுற்றினால் நிறுத்துங்கள். உதடு நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. பம்பை விடக்கூடாது.

அடுப்படியில் வேண்டாம், பனியிலும் வேண்டாம். வெயில் ஏறியபின் இஸ்தோப்பு (முன் திண்ணை) நல்ல இடம். ஆனால் அண்மையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் கூடியிருந்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனைதான் முதலில். அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். முடிவு வரும்வரை காம்பரா அறைக்குள் பேரப்பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு பாட வேண்டாம்.