மழைக்குப் பிந்தைய வெளிகள்: பூ, பூச்சி, பறவை பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

ஐப்பசி மழை பிடித்ததும் "எங்கே போகலாம், என்ன பார்க்கலாம்" என்று கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து: காட்டுப்பூ பார்க்க ஊட்டி, கொடைக்கானலுக்குத்தான் போகணுமா அண்ணா? குழந்தைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி இடம் இருந்தால் சொல்லுங்கள்.

மலைக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரை போதும். ஆனால் எந்த இடம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அல்லி இரவில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் காரை விட்டு இறங்கி, "இங்கே ஒண்ணுமே இல்லையே" என்பவர்களிடம் என்ன சொல்வது? ஆறு மணிக்கு அங்கே இருங்கள், ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பறவைக்கு வேடந்தாங்கல் போவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில், மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். இரைதேடப் போன நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டங்கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும் நேரம் அது.

கரூரிலிருந்து: எங்கள் தோட்டத்து வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. கிழங்கைத் தோண்டித் தொட்டியில் வைக்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேலியில் இருப்பதே அதற்கு வசதி. அதன் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பி போல வேலை செய்யும், அதைக்கொண்டே கிளுவையையும் முள்ளையும் பிடித்து ஏறும். பூவின் நிறத்தையும் நாலைந்து நாள் தொடர்ந்து கவனியுங்கள். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். மழைக்காலம் போனதும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதன் எல்லாப் பாகங்களிலும், கிழங்கில் இன்னும் கூடுதலாக, கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிர்போகும், அதனால் குழந்தைகள் கைக்கு எட்டும் தொட்டியில் வைக்கிற செடி இல்லை. அதே கொல்கிசின்தான் கீல்வாத மருந்தாகவும் பயன்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதையே கண்வலிக்கிழங்கு என்று கம்பிப்பந்தல் போட்டு, கையால் மகரந்தம் சேர்த்து, விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விதைக்கிழங்குக்காகக் காட்டிலும் வேலியிலும் தோண்டித்தோண்டியே பல ஊர்களில் மாநில மலர் கண்ணில் படாமல் போய்விட்டது. உங்கள் வேலியில் மிஞ்சியதை விட்டுவையுங்கள்.

கோவையிலிருந்து: அக்டோபரில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரே திசையில் பட்டாம்பூச்சிகள் போய்க்கொண்டே இருந்தன. புயல் வரப்போகிறது என்கிறார் அப்பா. உண்மையா?

அப்பா மழையோடு முடிச்சுப் போட்டது சரி, புயல் என்பதுதான் மிகை. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அவை ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இந்தப் பயணம், கோடையிலும் தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்திலும் எதிர்த்திசைப் பயணம். கறுப்பில் வெளிர்நீல வரிகள் கொண்டவையும், பழுப்பில் வெண்புள்ளி கொண்டவையும்தான் கூட்டத்தில் மிகுதி.

பறக்கும்போது பார்ப்பதைவிட அவை தங்கும் இடத்தில் பார்ப்பது இன்னும் அழகு. கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள், காய்ந்த நெற்று குலுங்கிச் சத்தம் போடுமே, அதேதான். ஒரே செடியில் பத்து இருபது ஆண் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டு, காய்ந்த தண்டைச் சுரண்டி உறிஞ்சும். தேனுக்காக இல்லை. பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அதிலுள்ள வேதிப்பொருள் அவற்றுக்குத் தேவை. அந்த நேரத்தில் ஒரு முழம் தூரத்தில் போய் நின்றாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

விருதுநகரிலிருந்து: மழைக்கு மண்ணிலிருந்து வருமே, வெல்வெட் போன்ற சிவப்புப் பட்டுப்பூச்சி, அதைப் பையன் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு புல் போடுகிறான். எத்தனை நாள் உயிரோடிருக்கும் சார்?

புல்லைத் தின்னாது, அதனால் சீக்கிரமே செத்துப்போகும். பூச்சியே இல்லை அது, கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு இருக்கும். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழை பெய்ததும் இரைதேடவும் இணைதேடவும் மேலே வருகிறது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் ஊரவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடட்டும்.

சேலத்திலிருந்து: குறிஞ்சி அடுத்து எப்போது?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2006, 2018, அந்தக் கணக்கில் 2030. நடுவில் "குறிஞ்சி பூத்தது" என்று வரும் செய்திகள் அதே இனத்தின் வேறு வகைகளைப் பற்றியதாக இருக்கலாம், அவற்றின் சுழற்சி வேறு.

தஞ்சாவூரிலிருந்து: கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காலியாகத் தொங்குகின்றன. கூடத்தில் அலங்காரமாக மாட்ட எடுத்துக்கொள்ளலாமா?

காலி என்று எப்படித் தெரியும்? ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே நுழைந்து சோதித்து, சரியென்று ஏற்றுக்கொண்டால்தான் கீழ்நோக்கிய குழாயைக் கட்டி முடிப்பான். முடித்த கையோடு அடுத்த கூட்டுக்கு அடி போடுவான், அடுத்த பெண்ணுக்காக! தலைக்கவசம் கவிழ்த்தது போல் தொங்குபவை பெண்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவையாகவும் இருக்கலாம், இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பவையாகவும் இருக்கலாம். பழைய கூடுகளில் சில்லைகளும் குடியேறும். காற்றில் தானாக விழுந்தது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் இருப்பதைத் தொட வேண்டாம்.

மதுரையிலிருந்து: வெட்டுக்காயப்பூண்டு நம்ம ஊர் மூலிகைதானே?

நடு அமெரிக்காவிலிருந்து வந்த செடி. குட்டிப் பட்டாம்பூச்சிகளுக்குப் பிடித்த பூ என்பதால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. உண்ணிச்செடி மேல் உண்டு. வண்ணவண்ணமாகப் பூத்துக்கொண்டே காட்டின் அடித்தளச் செடிகளை எழவிடாமல் செய்துவிடுகிறது.

திருநெல்வேலியிலிருந்து: புல்லுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பாம்புப் பயம். என்ன செய்வது?

மூடிய காலணி, முழுக்கால் சட்டை, பார்க்காத இடத்தில் கை வைக்காமை, இருட்டினால் டார்ச். ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். கட்டுவிரியன் கடித்த இடம் வலிக்காமலேயே இருக்கும், வலியில்லை என்று காத்திருக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: பூவைப் பறிக்காதே என்கிறீர்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டுமே?

தாராளமாகப் பறியுங்கள், இரண்டும் எங்கும் கிடைப்பவை. பூளையை வேரோடு பிடுங்காமல் கொத்தாகக் கிள்ளுங்கள், ஆவாரையில் ஒரே செடியை மொட்டையடிக்க வேண்டாம். பறிக்கப் போகும்போது பைனாகுலரையும் எடுத்துக்கொண்டால், பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். உங்கள் ஊர்ப் பக்கத்து மின்கம்பியில் பனங்காடையும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும், அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.