சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லையா?

கேள்வி: ஹீமோகுளோபின் 11, எம்.சி.வி 64. மூன்று மாதமாக இரும்புச் சத்து மாத்திரை போடுகிறேன். அசையவே இல்லை, டாக்டர்.

பதில்: எம்.சி.வி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இயல்பு. உங்களுக்கு அணு சிறுத்திருக்கிறது. சிறுத்தாலே இரும்புக் குறைவு என்றுதான் முதலில் நினைப்போம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தலசீமியா மைனரிலும் (பரம்பரையாக வரும் லேசான ஹீமோகுளோபின் குறை) அணு இப்படியே சிறுக்கும். அதற்கு மாத்திரை பலிக்காது. அதே ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கை எவ்வளவு?

கேள்வி: 5.6 மில்லியன்.

பதில்: 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. இது 13-க்கு மேலே போனால் இரும்புக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா மைனர் பக்கம் சாயும். மனக்கணக்குதான், இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும்), ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும்) இரண்டும் எடுங்கள். அதில் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர். அப்படி வந்தால் கல்யாணத்துக்கு முன் துணைக்கும் பார்த்துவிடுவது நல்லது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான வடிவம் வர நாலில் ஒரு வாய்ப்பு.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்). ஃபெரிட்டின் 70. இரும்பு போதும்தானே?

பதில்: சொல்ல முடியாது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது, இரும்புக் குறைவு. மாத்திரை கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. அந்த வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டையும் தள்ளிப் போடாதீர்கள். மூல நோய்தான் காரணம் என்று நாமாகவே முடிவு செய்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

கேள்வி (இன்னொருவர்): எனக்கு எம்.சி.வி 112. சைவம். சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின். கால் மரத்துப் போகிறது. ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போடட்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு அணு பெருத்திருக்கிறது. பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் தரும் சத்து) குறைந்தால் இப்படி ஆகும். முதலில் பி12 பாருங்கள். சைவ உணவு, மெட்ஃபார்மின் இரண்டுமே பி12-ஐக் குறைப்பவை. பி12 இல்லாமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் ரத்தம் தேறியது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். கால் மரப்பைச் சர்க்கரையின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். (ஃபோலேட்டின் கதை பம்பாயில் தொடங்கியது. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்துப் பார்த்தார் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1931-ல் எழுதினார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பிறகுதான் தெரிந்தது.) பி12, ஃபோலேட் இரண்டும் சரியாக இருந்தால் குடி, தைராய்டு, கல்லீரல் என்று பார்க்க வேண்டும், வயதானவர்களுக்கு எலும்பு மஜ்ஜையையும்.

கேள்வி (மற்றொருவர்): ஹீமோகுளோபின் 9, எம்.சி.வி 88. நார்மல்தானே?

பதில்: இல்லை, ஹீமோகுளோபின் குறைவுதான். இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் சின்ன அணுவும் பெரிய அணுவும் கலந்து சராசரி நடுவில் நின்றுவிடும். ஆர்.டி.டபிள்யூ (அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.