வீடு சரி, தெரு எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு நான்கு. நகரத்துக்குள் வீடு வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. புறநகரில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் வீடு புதுப் பகுதியில் இருக்கிறது. மூன்று படுக்கையறை, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ரயில் நிலையத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாவது பழைய பகுதியில். படுக்கையறை இரண்டுதான், சமையலறை இருட்டு. ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம். அவருக்கு முதல் வீடு பிடித்திருக்கிறது, எனக்கு இரண்டாவது. புதுப் பகுதி ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால், “இப்போதுதானே வளர்கிறது” என்கிறார் புரோக்கர். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுவது 31 வருஷம் என் தொழிலாக இருந்தது. வீட்டுக்குள் அளந்த நேரத்தைவிட வெளியே தெருவில் நின்று பார்த்த நேரம்தான் அதிகம். இருட்டுச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் வைத்துவிடலாம். தரையை மாற்றலாம், சுவரைத் தள்ளிக் கட்டலாம். தெருவை உங்களால் எதுவும் செய்ய முடியாது. அதனால் வீட்டை அப்புறம் பேசுவோம், முதலில் அந்த “ஏன் மலிவு” என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

மலிவாகக் கிடைக்கிற இடத்துக்குக் காரணம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் இரண்டு ரகம் உண்டு. கடைகள் இன்னும் வரவில்லை, சாலை பாதி போட்டபடி கிடக்கிறது, நட்ட மரங்கள் இடுப்பளவுகூட வளரவில்லை, இடத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். இந்த ரகக் காரணத்தால் மலிவு என்றால் தைரியமாக வாங்கலாம், பொறுத்திருப்பவர்களுக்கு அது லாபம். இன்னொரு ரகம், எத்தனை வருஷம் ஆனாலும் போகாதது. பள்ளமான நிலம், குப்பைக் கிடங்கிலிருந்து காற்று வீசும் திசை, நெடுஞ்சாலைச் சத்தம், தூரம். “வளர்கிறது” என்று புரோக்கர் சொல்வது முதல் ரகத்துக்கான பதில். அதன் பின்னால் இரண்டாவது ரகம் ஒளிந்திருக்கிறதா என்று நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கத் தவறினேன். என் முதல் வீட்டை வெயில் காலத்தில் போய்ப் பார்த்தேன். அப்போதே இந்தத் தொழிலில் ஐந்தாறு வருஷ அனுபவம் எனக்கு. பக்கத்து வீட்டு கேட் தூண்கள் இரண்டிலும், ஒன்றுக்கொன்று எதிராக, மேலிருந்து முழங்கால் உயரம் கடந்து தரைவரை ஒரு பள்ளம் ஓடியது. இரண்டு விரல் நுழையும் அகலம், ஓரமெல்லாம் சிமென்ட் பூசி நேர்த்தியாக முடித்திருந்தார்கள். எதிர் வீட்டிலும் அதே பள்ளம். அடுத்த வீட்டிலும். ஏதோ அந்தக் காலத்து கேட் மாட்டுகிற முறை என்று நினைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை. முதல் பெருமழை அன்று இரவு பத்து மணிக்கு அண்டை வீட்டார் எல்லோரும் கொட்டகையிலிருந்து பலகைகளை எடுத்து வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பள்ளத்தில் செருகினார்கள். சத்தம் போடாமல், அவசரப்படாமல், பழகின கைகள் செய்கிற வேலையாக. என் வீடு புதிதாகக் கட்டியது. அதில் பள்ளமும் இல்லை, பலகையும் இல்லை. விடியும்போது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். என் மகளின் பள்ளிப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

அன்றிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் தரையோடு ஒட்டினதைப் பார்க்கிறேன். வாசற்படிகள் எத்தனை? பழைய வீடுகளெல்லாம் உயரத் தூக்கிக் கட்டியிருக்க, புது வீடு மட்டும் சாலை மட்டத்தில் இருந்தால் கேள்வி கேளுங்கள். மதில்சுவரில் ஒரே உயரத்தில் நீளமாகக் கறைக்கோடு ஓடுகிறதா? முழங்காலுக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்டா? மின்சார பிளக்குகளை மார்பு உயரத்தில் வைத்திருக்கிறார்களா? உள்ளாட்சி அலுவலகத்தில் வெள்ள அபாய வரைபடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். அதில் “நூறு வருட வெள்ளம்” என்று எழுதியிருந்தால், அது நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருள் அல்ல. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். 30 வருஷக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்று! முடிந்தால் நல்ல மழை நாளில் குடையோடு போய் அந்தத் தெருவில் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வரைபடத்தைவிடத் தெளிவாகத் தெரியும்.

சரி, தூரத்துக்கு வருவோம். பஸ்ஸும் காத்திருப்பும் சேர்ந்து ஒரு தடவைக்கு 25 நிமிஷம் கூடுதலாகிறது என்று வையுங்கள். போக வர 50 நிமிஷம். வருஷத்துக்கு 240 வேலை நாள் என்றால் 200 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 25 நாள். உங்களுக்கு 25, அவருக்கு 25. டேனியல் கானமன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை மணிவாரியாக நினைவுகூரச் சொல்லிக் கேட்ட ஆய்வு 2004-ல் வெளிவந்தது. நாளின் வேலைகளிலேயே அவர்கள் மிகக் குறைந்த மகிழ்ச்சியோடு செய்தது, வேலைக்குப் போய்வரும் பயணம். கூடுதல் படுக்கையறைக்கு ஒரே மாதத்தில் பழகிவிடுவோம், பிறகு அது கண்ணிலேயே படாது. தவறவிட்ட பஸ்ஸுக்கு மனசு பழகுவதே இல்லை.

அதனால் நீங்கள் இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, காலை வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு அந்தப் புது வீட்டு வாசலில் நில்லுங்கள். அங்கிருந்து அலுவலகம் போங்கள், மாலை அங்கேயே திரும்பி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த தெருவும் இதுவும் ஒன்றாக இருக்காது. பஸ் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஒன்றை விட்டால் அடுத்தது எத்தனை நிமிஷத்தில் வரும் என்று கேளுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பகல் இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, சின்னவளுக்குக் காய்ச்சல். யார், எத்தனை நேரத்தில் போய்ச் சேர முடியும்? உங்கள் பையன் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் தனியாக நடந்து பள்ளிக்குப் போகிற வயதுக்கு வந்துவிடுவான். பழைய பகுதியில் அது அவனால் முடியும். புதுப் பகுதியில் அவன் வளர்கிறவரை யாராவது ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும்.

என் மனசு பழைய பகுதிப் பக்கம்தான். ஆனால் உங்கள் கணவர் சொல்வதை ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பையனும் பெண்ணும் வளரும்போது ஆளுக்கொரு அறை நிஜமாகவே தேவைப்படும். பழைய வீட்டுக்கு ஒரு பொறியாளரை அழைத்துப் போங்கள். மேலே ஓர் அறை எடுக்க அடித்தளம் தாங்குமா, உள்ளாட்சி விதி இடம் கொடுக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியும் என்றால் வாங்கிவிடுங்கள், அறையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். முடியாது என்றால், அதே பழைய பகுதியில் மூன்றாவதாக ஒரு வீட்டைத் தேடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது பகுதியைத்தான். வீடு ஆறு மாதத்தில் இன்னொன்று விற்பனைக்கு வரும்.

கேள்வி: நான் தனியாக வசிக்கும் பெண். வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஒரு பகுதி பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போலீஸ் வெளியிடும் குற்றப் பட்டியல் கிடைத்தால் பாருங்கள், ஆனால் அது பெரிய வட்டாரத்துக்கானது. உங்களுக்கு வேண்டியது பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல்வரையான அந்தச் சில நூறு அடிகள். ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு அதே ஒன்பதரைக்கு அங்கே நடந்து பாருங்கள். எரியாத தெருவிளக்குகளை எண்ணுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். அதே விளக்குகள் அப்படியே இருந்தால், அந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் முக்கியமாகப் பார்ப்பது ஜன்னல்களை. தெருவைப் பார்த்த ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தால் யாரோ விழித்திருக்கிறார்கள், கூப்பிட்டால் கேட்கும். இரண்டு பக்கமும் நீளமான மொட்டை மதில்சுவர், அதற்குப் பின்னால் விலை உயர்ந்த வீடுகள். இப்படிப்பட்ட வழியை நான் என் மகளுக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன், பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வண்டிப் போக்குவரத்தையும் பாருங்கள். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மற்ற விதத்தில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை. சத்தம் அதிகமானால் மக்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறார்கள், வாசலில் நிற்க ஆளில்லை. தனியாக வசிக்கிற உங்களுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாலு பேர் எந்தப் பூட்டைவிடவும் மேல். அதனால் முக்கியச் சாலைமேல் வீடு வேண்டாம். அதிலிருந்து ஒன்றிரண்டு தெரு உள்ளே பாருங்கள், ரொம்ப உள்ளே போகவும் வேண்டாம்.

கேள்வி: மூன்று வருஷத்தில் ரயில் நிலையம் வரப்போகிறது என்று சொல்லி ஒரு பகுதியில் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நிலையமே வராவிட்டாலும் பத்து வருஷம் அங்கே குடியிருப்பீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள், அதுவும் இன்றைய பஸ் வசதிக்கு ஏற்ற விலையில். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நிலம் எடுத்து முடித்துவிட்டார்களா, தூண் எழும்புகிறதா என்று நேரில் பாருங்கள். விளம்பரப் பலகையில் ரயில் படம் வரைந்திருப்பதெல்லாம் கணக்கில் வராது. அப்படியே வருவதானாலும், தண்டவாளம் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் கேளுங்கள். நிலையம் அரை கிலோமீட்டரில் இருப்பது வசதி, தண்டவாளம் படுக்கையறை ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது வேறு கதை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் வெளியிட்ட பரிந்துரை, வீட்டுக்கு வெளியே ரயில் சத்தத்தின் இரவுச் சராசரி 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

கேள்வி: வாங்குவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்கிறார்கள். யாரைக் கேட்டாலும் “நல்ல ஏரியாதான்” என்கிறார்கள். என்ன கேட்பது?

பதில்: சொந்த வீட்டுக்காரர் வேறெப்படிச் சொல்வார்? அவர் வீட்டின் விலையும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. பழகிப்போனது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் கேட்பது இது: “நீங்கள் இங்கே வந்த முதல் வருஷத்தில், எதிர்பார்க்காமல் நடந்த விஷயம் என்ன?” இதற்கு “நல்ல ஏரியா” என்று பதில் சொல்ல முடியாது. யோசிப்பார்கள். விடிகாலை நான்கு மணிக்கு லாரிகள் கிளம்புகிற கிடங்கு, மாலையில் குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர், பிரசவ நேரத்தில் கார் எடுத்துக்கொண்டு ஓடி வந்த எதிர் வீட்டுக்காரர். இப்படி ஒவ்வொன்றாக வெளியே வரும், நல்லதும் கெட்டதும். வாடகைக்கு இருப்பவரை முதலில் கேளுங்கள், விலை ஏறுவதில் அவருக்கு அக்கறை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் இருப்பவரை அடுத்து. அப்புறம் தபால்காரர் மாதிரி அந்தத் தெருக்களில் தினமும் நடந்து வேலை செய்பவர் ஒருவரை. எந்த வாசலில் தண்ணீர் தேங்கும், எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்த வீட்டில் கதவைத் தட்டினால் முகம் சுளிக்காமல் திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.