கராஜ் முதல் கோயில் வரை: நகரத்தின் கம்யூனிட்டி டெவலப்மெண்ட் துறை – கேள்வி பதில்

கலிபோர்னியாவில் குப்பர்டினோ, சன்னிவேல், ஃப்ரீமான்ட் போன்ற நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களில், வீடு கட்டுவது, மாற்றுவது, இடத்தைப் பயன்படுத்துவது எல்லாம் நகர நிர்வாகத்தின் கம்யூனிட்டி டெவலப்மெண்ட் துறை வழியாகத்தான் போகும். வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

கேள்வி (சன்னிவேல்): பெயரைப் பார்த்தால் சமூக நலத்துறை மாதிரி இருக்கிறதே, உண்மையில் இவர்களுக்கு என்ன வேலை?

பெயர் குழப்பத்தான் செய்யும். பிளானிங் பிரிவு எந்த மனையில் என்ன வரலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வரலாம் என்று பார்க்கும். பில்டிங் பிரிவு அதைப் பாதுகாப்பாகக் கட்டுகிறீர்களா என்று பார்க்கும். ஹவுசிங் பிரிவு குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளைக் கவனிக்கும். புகார்களை விசாரிக்கும் கோட் என்ஃபோர்ஸ்மெண்ட் சில ஊர்களில் இங்கேயே இருக்கும், சில ஊர்களில் வேறு துறையில் இருக்கும்.

இதைவிட முக்கியமான பிரிவினை ஒன்று உண்டு. சில விண்ணப்பங்களில் அளவுகள் விதிக்குப் பொருந்தினால் அனுமதி தந்தே ஆக வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. இவற்றை மினிஸ்டீரியல் என்பார்கள். மற்றவற்றில் பொது விசாரணை நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பேசலாம், நகரின் பிளானிங் கமிஷன் (திட்டங்களைப் பரிசீலிக்கும் குழு) நிபந்தனை போடலாம், மறுக்கவும் செய்யலாம். அவை டிஸ்கிரீஷனரி. கவுண்டரில் முதலில் கேட்க வேண்டியது, "என் விண்ணப்பம் இதில் எது?" என்பதைத்தான். செலவு, காலம், யாரிடம் பேசுவது எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

கேள்வி (ஃப்ரீமான்ட்): அப்பா அம்மா வந்து தங்கப் பின்புறம் தனியாக ஒரு சின்ன வீடு கட்டலாமா சார்? பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பார் போலிருக்கிறது.

இதை ஏடியு (ADU, வீட்டோடு சேர்ந்த துணைக் குடியிருப்பு) என்பார்கள். இது மினிஸ்டீரியல் வகை. எனவே அவர் எதிர்த்தாலும் விசாரணை கிடையாது. முழுமையான விண்ணப்பம் சேர்ந்த 60 நாளுக்குள் நகரம் முடிவு சொல்ல வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 800 சதுர அடி வரை, பின்னும் பக்கவாட்டிலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள் கட்டினால், மனையில் கட்டடப் பரப்பு ஏற்கெனவே அதிகம் என்ற காரணம் காட்டி மறுக்க முடியாது.

அளவைத் தீர்மானிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 750 சதுர அடிக்கு உள்ளே இருந்தால் இம்பாக்ட் ஃபீ (பூங்கா, சாலை போன்றவற்றுக்காகப் புதுக் கட்டடத்தின் மேல் போடும் கட்டணம்) கிடையாது. அதைத் தாண்டினால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி கட்டணம் வரும். ஒரு அலமாரியின் அளவுக்காக ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டாம், வரைபடம் போடும்போதே சொல்லிவிடுங்கள். தனியாகக் கட்டும் புது ஏடியுவுக்குப் பொதுவாக சோலார் பேனலும் கேட்பார்கள், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (குப்பர்டினோ): கராஜைப் படுக்கையறையாக மாற்ற வரைபடம் கொடுத்தோம். இரண்டு முறை திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வந்துவிட்டது. எங்கே தவறுகிறோம்?

பெரும்பாலும் ஜன்னலில்தான். தீப்பிடித்தால் வெளியேற வசதியாக, திறந்த நிலையில் ஜன்னலின் இடைவெளி குறைந்தது 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் இருக்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். 20 பெருக்கல் 24 என்றால் 3.3 சதுர அடிதான் வரும். விதி கேட்கும் மொத்தத் திறப்போ 5.7 சதுர அடி, தரைத்தளத்தில் 5. அதாவது தரைத்தளத்தில் 20 அங்குல அகலம் வைத்தால் உயரம் 36 அங்குலம் வேண்டும். நகரும் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால், ஜன்னல் சட்டகத்தின் அளவை எழுதாமல் திறக்கும் பகுதியின் அளவை எழுதுங்கள். திறப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது, கராஜ் கதவு இருந்த இடம். அங்கே பெரும்பாலும் அஸ்திவாரம் தொடர்ந்து போயிருக்காது. அடைத்து எழுப்பும் சுவருக்கு அஸ்திவார விவரம் வரைபடத்தில் இல்லையென்றால் மறுபடி திரும்பிவரும்.

அனுமதி கிடைத்த பிறகு செய்யும் தவறு இன்னும் செலவு வைப்பது. வயரிங், பைப், சட்டகம் எல்லாம் வெளியே தெரியும்போதே இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காண்ட்ராக்டர் அவசரப்பட்டு டிரைவாலை (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) அடித்துவிட்டால், பிரிக்கச் சொல்வார்கள். கையெழுத்து விழுந்த அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்ட பிறகே சுவரை மூட விடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் ஓர் அறைத்தொகுதி கட்டியிருக்கிறார். நகரத்திடம் போனால் இடிக்கச் சொல்வார்களோ?

அது ஏடியுவாக இருந்து, 2020க்கு முன் கட்டியது என்றால் பயப்பட வேண்டாம். 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குடியிருப்போரின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு இருந்தாலொழிய இன்றைய விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அனுமதியை மறுக்க முடியாது. விண்ணப்பிக்கும் முன் உரிமம் உள்ள காண்ட்ராக்டரை வைத்து ரகசியமாகச் சோதித்துப் பார்க்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. முதலில் அதைச் செய்யுங்கள். மறைத்தே வைத்திருந்தாலும் விற்கும்போது வெளிப்படுத்தல் படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: காண்ட்ராக்டர் முன்பணமாகப் பாதித் தொகை கேட்கிறார். சரியா?

இல்லை. வீட்டு மராமத்து ஒப்பந்தத்தில் முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதுதான். மாநில உரிம வாரியத்தின் தளத்தில் அவர் உரிம எண்ணையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி (கோயில் குழு): அலுவலகக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்த விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பிளானிங் கவுண்டருக்குப் போங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பல மண்டலங்களில் வழிபாட்டிடத்துக்கு யூஸ் பெர்மிட் (இடத்தை அந்த வேலைக்குப் பயன்படுத்தத் தனி அனுமதி) வேண்டும். இது டிஸ்கிரீஷனரி. சுற்றியுள்ள சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகும், விசாரணை நடக்கும். வாடகை ஓடிக்கொண்டிருக்க அனுமதிக்காகக் காத்திருப்பது பக்தர்களின் காணிக்கையைக் கரைக்கும்.

விசாரணையில் எழும் கேள்வி பெரும்பாலும் பார்க்கிங்தான். சாதாரண வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் எழுதாதீர்கள். பொங்கல், சிவராத்திரி, நவராத்திரி, வைகுண்ட ஏகாதசி நாள்களில் எத்தனை பேர், எந்த நேரத்தில், கார்கள் எங்கே நிற்கும் என்று அட்டவணையாகக் கொடுங்கள். பக்கத்து அலுவலகத்தின் பார்க்கிங்கை மாலையில் பயன்படுத்த எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். மதமல்லாத கூட்ட அரங்குகளைவிட மோசமாக வழிபாட்டிடத்தை நடத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதை அறிந்து வைத்திருங்கள், ஆனால் முதல் சந்திப்பிலேயே எடுத்து வீசாதீர்கள்.

பில்டிங் பிரிவில் வேறு கதை. அலுவலகம் மக்கள் கூடும் இடமாக மாறுகிறது. நாற்காலி மட்டும் போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி, மேசையும் நாற்காலியும் என்றால் 15 சதுர அடி என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 50 பேரைத் தொட்டால், வெளிப்பக்கம் திறக்கும் கதவு வேண்டும். இரண்டு வெளிவழிகளும் வேண்டும். 1,000 சதுர அடி மண்டபத்தில் நாற்காலி போட்டால் 142 பேர் என்று வந்துவிடும், நீங்கள் 40 பேர்தான் வருவார்கள் என்று சொன்னாலும்.

கேள்வி (குப்பர்டினோ): எங்கள் தெருப் பக்கம் அடுக்குமாடி வருகிறது. நகரம் ஏன் தடுக்கவில்லை?

2023 முதல் 2031 வரை 4,588 வீடுகளுக்கு இடம் காட்ட வேண்டும் என்பது குப்பர்டினோவுக்கு மாநிலம் தந்த இலக்கு. நகரம் தானே கட்டுவதில்லை, கட்ட முடிகிற அளவுக்கு ஜோனிங்கை (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதி) மாற்றித் தர வேண்டும். இந்த இலக்குக்கான நகரத் திட்டம் உரிய நேரத்தில் மாநில ஒப்புதல் பெறாத ஊர்களில் உள்ளூர் ஜோனிங்கை மீறிய விண்ணப்பங்களும் உள்ளே வரலாம். கூட்டத்தில் பேசப் போனால் "ஊரின் அழகு கெடும்" என்பதைவிட, எந்த எழுதப்பட்ட அளவுகோல் மீறப்படுகிறது என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். கமிஷன் எடுத்துக்கொள்ளக்கூடியது அதைத்தான்.

கேள்வி: எங்கள் சங்கம் முதியவர்களுக்கு மதிய உணவு தருகிறது. நகரத்திடம் நிதி கேட்கலாமா?

கேட்கலாம். 1974இல் தொடங்கிய, நகரங்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பிளாக் கிராண்ட் என்ற மானிய நிதியைப் பெரும்பாலும் ஹவுசிங் பிரிவு நிர்வகிக்கும். அதில் இத்தகைய சேவைகளுக்கு அதிகபட்சம் 15 சதவீதம்தான், போட்டி கடுமை. முதியோருக்கான சேவை என்றால் அவர்களைக் குறைந்த வருமானப் பிரிவினராகவே விதி கருதிக்கொள்ளும், ஒவ்வொருவரிடமும் வரி ஆவணம் வாங்க வேண்டியதில்லை. வயது, விலாசம், வந்த நாள் ஆகியவற்றுக்கான வருகைப் பதிவேட்டை இன்றே தொடங்குங்கள். பணம் பெரும்பாலும் செலவு செய்து ரசீது காட்டிய பிறகே வரும், ஆகவே சில மாதச் செலவுக்கான தொகை சங்கத்தின் கையில் இருக்க வேண்டும்.