அரசு டெண்டரில் நமக்கும் பங்கு உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவன். ஓசூர் சிட்கோவில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு என்கிறார்கள். ஏன் ஒரு ஆர்டரும் வரவில்லை?

வீடு தேடி வராதுங்க. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள்தான் எஸ்.சி., எஸ்.டி.யினருக்கு 4, பெண்களுக்கு 3. ஆனால் இதற்கான 2012-ஆம் ஆண்டு கொள்முதல் ஆணையிலேயே இன்னொரு வரி இருக்கிறது: நீங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அந்த 4-ஐ மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

முதலில் உத்யம் சான்றிதழை, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுச் சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். பதிவு செய்து கொடுத்தவர் சமூகப் பிரிவில் 'பொது' என்று தட்டிவிட்டிருந்தால் உங்களுக்கு 4 சதவீதம் கிடையாது. திருத்திக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. கூட்டு நிறுவனம் என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு உங்கள் தரப்பில் இருக்க வேண்டும். இ.எம்.டி. எனும் டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், டெண்டர் படிவமும் இலவசம்.

அப்புறம் விலை. பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு எல்-ஒன், அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகிறது; நீங்கள் 112 என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத வரம்புக்குள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு, "100-க்குத் தருவீர்களா?" என்று கேட்பார்கள். சரி என்றால் குறைந்தது 25 சதவீத ஆர்டர் உங்களுக்கு. 100-க்குக் கட்டுபடியாகுமா என்று முன்பே கணக்குப் போட்டு வையுங்கள்.

பெங்களூருவில் நாற்காலி வாங்கி அலுவலகங்களுக்கு சப்ளை செய்கிறேன். உத்யம் இருக்கிறது. சலுகை உண்டா?

இல்லை. வியாபாரிகளுக்கு உத்யம் வங்கிக் கடனுக்கு மட்டும். தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தச் சலுகை.

என் மனைவி பெயருக்குக் கம்பெனியை மாற்றினால் 3 சதவீதம் கிடைக்குமா?

காகிதத்தில் கிடைக்கும். செக்கில் கையெழுத்துப் போடுவது அவர், விலை பேசுவது நீங்கள் என்றால் அந்த வேலை வேண்டாம். அவரே நடத்துவதாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

சித்தேரி மலையில் எங்கள் மகளிர் குழு ராகி, புளி விற்கிறது. எங்களுக்கு என்ன வழி?

ராகிக்கு இந்த ஒதுக்கீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி தருகிறார்கள். அதற்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களைக் கேட்பார்கள். மலைக்காரர்களுக்கு இடிக்கும் இடமும் அதுதான். அறுவடைக்கு முன்பே வி.ஏ.ஓ.விடம் பேசுங்கள். ராகி மாவு, கொட்டை நீக்கிய புளி என்று மாற்றி விற்பதானால் சுய உதவிக் குழுவாகவே உத்யமில் பதிந்து, அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் ஏற்றலாம்.

சரக்கு கொடுத்து நாலு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சிறு தொழில்களின் நிலுவைத் தொகைக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடுங்கள். ஆர்டருக்கு முன்பே உத்யம் பதிவாகியிருந்தால் வம்பு குறைவு. பில்லிலேயே அந்த எண்ணை அச்சடித்துவிடுங்கள். சரக்கு பெற்றதற்கான சீல் போட்ட நகலையும் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.