கடல் சூடானால் மலைக்கு என்ன? – கேள்வி பதில்

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு படிப்பும் வேலையும் கடலோடுதான். கடல் சூடேறுவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் மலையகத்தின் எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டன், ஆசிரியை: அக்கா, இங்கே பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. கடல் சூடாவது நமக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

டீச்சர், உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். ஹட்டன் ஒரு நீர்ப்பிரிவில் இருக்கிறது. டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி கங்கையாகிக் கொழும்பில் கடலைச் சேர்கிறது. கொட்டகலைப் பக்கம் விழுவது மகாவலியில் சேர்ந்து 335 கிலோமீற்றர் நதியாக ஓடித் திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. ஒரே மேகம் கொட்டிய தண்ணீர் இரண்டு கடலுக்குப் போகிறது. சரி, அந்த மேகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்தும் காற்று அதைச் சுமந்து வருகிறது. நம் மலைகள் குறுக்கே நிற்பதால் அந்தக் காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மலை இல்லாவிட்டால் இவ்வளவு மழை இல்லை, கடல் இல்லாவிட்டால் மழையே இல்லை.

புவி வெப்பமடைவதால் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை ஏறத்தாழ 1.2 பாகை செல்சியஸ் சூடேறிவிட்டது. சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு கேத்தல் தண்ணீரை அல்ல, ஒரு சமுத்திரத்தை அவ்வளவு சூடாக்க எவ்வளவு நெருப்பு வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற தொழிலாளி: அந்தக் காலத்தில் நாள்கணக்காகத் தூறும், கம்பளியைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுப்போம். இப்போது ரெண்டு மணித்தியாலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கிறது. இது என் நினைவுத் தடுமாற்றமா மகள்?

இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. சூடான கடல் அதை நிரப்பிக் கொடுக்கிறது. அதனால் மழை வரும்போது கனமாக வருகிறது. இரண்டு மழைக்கு நடுவே உள்ள வெயிலும் மண்ணை முன்னைவிட வேகமாக உலர்த்துகிறது. வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் தூறல் மண்ணுக்குள் இறங்கும், கொட்டும் மழையோ மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும். பீலித் தண்ணீர் சீக்கிரமே வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெலிமடை, மரக்கறி விவசாயி: எல் நினோ என்றால் வறட்சி என்கிறார்கள். 2015இல் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. எது உண்மை?

இரண்டும் உண்மை அண்ணா, மாதம்தான் வேறு. எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கைக்குப் பொதுவாக மழை கூடும், அதன் பின் ஜனவரி முதல் மார்ச் வரை குறையும். பசிபிக் கடலில் நடப்பது ஒன்று. நம் இந்தியப் பெருங்கடலுக்கென்றே ஒரு ஊஞ்சலும் இருக்கிறது. மேற்குப் பக்கம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிரும்போது நமக்கு அந்த மூன்று மாதங்களில் மழை மிகும். அப்போது கிழக்கு ஆபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் வறட்சி. 1997இலும் 2019இலும் இது பலமாக நடந்தது. இதை இருமுனை என்கிறார்கள், 1999இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆகவே எல் நினோ என்று செய்தி வந்தால் எந்த மாதத்தைப் பற்றிய செய்தி என்று பாருங்கள். கிழங்கு போடுகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஹப்புத்தளை, தொழிற்சாலை ஊழியர்: ஊவாத் தேயிலையின் வாசனைக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் உலர்ந்த காற்றாக உங்கள் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் கச்சான் காற்று வீச, கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் சேர்க்கிறது. டிம்புலைக்கு அதே சிறப்பு ஜனவரி முதல் மார்ச் வரை. பருவக்காற்று தன் நேரத்துக்கு வந்து போனால்தான் இந்த மணம். இப்போது கடல் சூடாவதால் கடலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம் மாறுகிறது, காற்றை இழுப்பது அந்த வித்தியாசம்தான். எனக்கு இதுதான் பெரிய கவலை. மழை தப்பினால் அடுத்த மழை வரும், பருவம் தப்பினால் அந்த வருடத்து விலை போய்விடும்.

கொட்டகலை, இல்லத்தரசி: சாளை, சூடை எல்லாம் விலை ஏறிவிட்டது. கடல் சூடுதான் காரணமா?

முழுப்பழியையும் கடல் மேல் போட மாட்டேன் தங்கச்சி. டீசல், ஐஸ், லொறிக் கூலி, இடைத்தரகர் எல்லாம் சேர்ந்துதான் சந்தை விலை. ஆனால் கடலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மேல்தண்ணீர் சூடானால் அது இலேசாகி, கீழேயுள்ள குளிர்ந்த நீரின் மேல் மூடிபோல உட்கார்ந்துவிடும். கீழேதான் சத்து இருக்கிறது. அது மேலே வராவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் குறையும். சாளைக்கும் நெத்தலிக்கும் சோறு அந்த மிதவை உயிர்கள்தான். மேற்கு இந்தியப் பெருங்கடலில் இந்தத் தாவரங்கள் அறுபது வருடத்தில் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் மாசிக்கருவாட்டுக்கு வேண்டிய சூரை மீன் அந்தச் சின்ன மீன்களைத் தின்று வாழ்கிறது.

பொகவந்தலாவை: கெலவல்லா மீன் சாப்பிட்டால் சில நேரம் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கிறது. மீன் ஒவ்வாமையா?

எப்போதாவது மட்டும் வருகிறதென்றால் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, மீன் சூட்டில் கிடந்ததால் வருவது. கெலவல்லா, பலயா போன்ற மீன்களில் ஐஸ் இல்லாமல் போனால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். துறைமுகத்திலிருந்து மலைக்கு வர எத்தனை மணித்தியாலம், ஐஸ் இருந்ததா என்று வியாபாரியிடம் தயங்காமல் கேளுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பண்டாரவளை, உயர்தர மாணவி: பவளப்பாறை வெளிறுவது என்றால் செத்துப்போவதா?

இன்னும் சாகவில்லை, பட்டினி. பவளம் ஒரு சின்ன விலங்கு. அதன் உடம்புக்குள் பாசி குடியிருந்து சாப்பாடு செய்து கொடுக்கிறது, நிறமும் தருகிறது. தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் சாவுதான். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளிலும் பெரும் அழிவு. கற்பிட்டியில் மெல்ல மெல்லத் தளிர்த்தது 2016இல் திரும்ப அடிபட்டது. உலகளாவிய நான்காவது வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, ஆறுவதற்கு அவகாசமில்லை. மலையிலிருந்து ஆறு கொண்டுபோகும் சேறும் பொலித்தீனும் பவளத்தின் மேல் போய்ப் படிகின்றன. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

இதைப் படிக்க வேண்டுமென்றால் மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்துக்குக் கடல் அறிவியலுக்கென ஒரு பீடமே இருக்கிறது. உங்கள் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வளத் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. மலையில் பிறந்தவள் கடலுக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள்.

நுவரெலியா: கடல் மட்டம் உயர்ந்தால் நாம் தப்பித்துக்கொள்வோமா?

1,868 மீற்றர் உயரத்தில் உங்கள் வீட்டுக்குள் கடல் வராது. கொழும்பிலும் கரையோரத்திலும் வேலை செய்து பணம் அனுப்பும் உங்கள் பிள்ளைகளின் அறைக்குள் வரும்.

பதுளை, தோட்ட இளைஞர்: டித்வா புயலுக்குப் பிறகு மழை என்றாலே லயத்தில் யாரும் தூங்குவதில்லை. இது திரும்ப வருமா? நாங்கள் என்ன செய்யலாம்?

தம்பி, வராது என்று சொல்ல என்னால் முடியாது. புயல் உருவாகக் கடல் ஏறத்தாழ 26.5 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். வங்காள விரிகுடாவில் நவம்பரில் அதைவிடச் சூடாகவே இருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா தரையோடு ஒட்டி மெதுவாக நகர்ந்தது, ஒரே இடத்தில் கொட்டியது. 600க்கு மேற்பட்டோரை இழந்தோம், நிறையப் பேர் நம் மலைகளில் மண்ணுக்குள். புயலே இல்லாமலும் மலை சரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது லயத்துக்கு வந்து சேர்ந்து, போக ஒரு காணியும் இருந்திருந்தால் அவர்கள் இன்று இருந்திருப்பார்கள். கடலைக் குளிரவைக்க நம்மால் ஆகாது, சரிவுக்கு அடியில் லயம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையை வைத்து மூன்று படியாக எச்சரிக்கை தருகிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற்றம். ஆனால் பக்கத்து மலையில் பெய்வது உங்கள் மலையில் பெய்யாது. அதனால் நீங்களே அளக்க வேண்டும். உயரமான டின்மீன் டின் ஒன்றை மேல்மூடியை முழுதாக வெட்டியெடுத்துக் கழுவி, கூரைத் தண்ணீரும் மர நிழலும் விழாத வெளியில் நேராக நிறுத்துங்கள். பக்கங்கள் நேராக இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழம் எத்தனை மில்லிமீற்றரோ, மழை அத்தனை மில்லிமீற்றர். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதிவிட்டு டின்னைக் கொட்டிக் காலியாக்குங்கள். அடை மழையில் இரவிலும் போய்ப் பாருங்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த கம்பம், இறுகிப் பூட்டாத கதவு, திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று: இதில் ஒன்றைக் கண்டாலும் அளவுக்குக் காத்திராமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துவிட்டு வெளியேறுங்கள்.

அந்த டின்னின் உயரம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர், அதாவது 110 மில்லிமீற்றர். அது ஒரு நாளைக்குள் நிறைந்துவிட்டால் வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்போதே பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்விடுங்கள், ஆனால் அந்தக் கட்டடம் சரிவுக்கு அடியில் இல்லை என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.